ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர்: 80-ல் காதை அடைக்கும் இரைச்சலுக்கு என்ன வழி?

காரைக்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, செகண்ட் ஹேண்டில் 2014 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் வாங்கினேன். முன்னாடி வைத்திருந்தவர் பின் சைலன்சரை எடுத்துவிட்டு ஃப்ரீ ஃப்ளோ போட்டிருக்கிறார். ஊருக்குள் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திருச்சி ரோட்டில் 80-ஐத் தொட்டதும் உள்ளே கும்ம்ம்மென்று ஒரே இரைச்சல், பின் சீட்டில் அப்பத்தா காதைப் பொத்திக்கொள்கிறார். விடியற்காலையில் வண்டியை எடுத்தால் எதிர்வீட்டு ஆச்சி திட்டுகிறார். டிக்கியிலும் தரையிலும் டேம்பிங் ஷீட் ஒட்டினால் சரியாகிவிடும் என்று 15 ஆயிரம் கேட்கிறார்கள். ஒட்டலாமா? பழைய சைலன்சரையே மாட்டினால் பிக்கப் போய்விடுமா?"

தம்பி, ஷீட்டுக்கு இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். அப்பத்தா காதைப் பொத்துவது ஒரு சத்தத்துக்கு, ஆச்சி திட்டுவது வேறொரு சத்தத்துக்கு. ஒரே பைப்பிலிருந்து வந்தாலும் ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் இன்னொன்றுக்குக் கேட்காது. இது தெரியாமல்தான் பலர் வெல்டிங் கடைக்கும் ஆக்சசரீஸ் கடைக்கும் மாறி மாறி நடக்கிறார்கள்.

முதலில் அப்பத்தா. உங்கள் எஞ்சினில் நாலு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக். அதாவது கிராங்க் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வெடிக்கும். டாப் கியரில் 80-ல் போகும்போது ஆர்பிஎம் முள் 2,500 பக்கம் நிற்கும். நிமிஷத்துக்கு 2,500 சுற்று என்றால் விநாடிக்கு 83 வெடி, 83 ஹெர்ட்ஸ். இப்போது காருக்குள் பாருங்கள். முன் கண்ணாடியிலிருந்து பின் கண்ணாடி வரை சுமார் இரண்டு மீட்டர் என்று வையுங்கள், அந்த நீளத்தில் அடைபட்ட காற்று தானாக அதிரும் அளவும் 85 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் வரும் (ஒலி விநாடிக்கு 343 மீட்டர் போகிறது, அதை நீளத்தின் இரு மடங்கால் வகுத்துப் பாருங்கள்). வெளியிலிருந்து வரும் வெடிப்பும் உள்ளே இருக்கும் காற்றும் ஒரே அளவில் ஆடத் தொடங்கினால் சின்னச் சத்தம்கூடப் பெரிதாகி மண்டையை அழுத்தும். இதில் அழுத்தம் இரண்டு முனைகளில் அதிகம், நடுவில் குறைவு. பின் கண்ணாடியை ஒட்டித் தலை சாய்க்கிற அப்பத்தாவுக்கு முழுசாகக் கிடைப்பதும், நடுவாக்கில் உட்கார்ந்து ஓட்டுகிற உங்களுக்கு 'அவ்வளவு மோசமில்லையே' என்று தோன்றுவதும் அதனால்தான். ஒருநாள் வேறு யாரையாவது ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் உட்கார்ந்து பாருங்கள்.

கம்பெனி சைலன்சரில் இது ஏன் வரவில்லை என்றால், அதன் உள்ளே தடுப்புத் தடுப்பாக அறைகள் உண்டு, சத்தம் அங்கே முட்டித் திரும்பி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அந்த அறைகளின் அளவை இந்த மாதிரி தாழ்ந்த சத்தத்தையும் மனதில் வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். ஃப்ரீ ஃப்ளோ என்பது நேர்க் குழாய். ஓட்டை போட்ட பைப், அதைச் சுற்றி கண்ணாடிப் பஞ்சு, மேலே பளபளவென்று ஒரு டப்பா. பஞ்சு கீச்சுச் சத்தத்தை நன்றாகக் குடிக்கும், 80 ஹெர்ட்ஸை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். நாளாக ஆகப் பஞ்சு கருகிப் பறந்துபோய் அந்தக் கீச்சையும் விட ஆரம்பிக்கும். உங்கள் வண்டியில் போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று தெரியாததால், பாதி காலியாகக்கூட இருக்கலாம்.

டேம்பிங் ஷீட் என்ன செய்யும் என்றால், தகடு நடுங்குவதை அடக்கும். கதவைத் தட்டினால் டங் என்பது டப் என்று கேட்கும், கல் தெறிப்பதும் டயர் சத்தமும் கொஞ்சம் குறையும். இங்கே ஆடுவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்று, அதற்கு ஷீட் ஒட்டி என்ன செய்ய? 15 ஆயிரத்துக்கு வண்டி சில கிலோ கனம் கூடும், அவ்வளவுதான்.

சரி, நான் சொல்வதை நம்பாமல் நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள். கானாடுகாத்தான் தாண்டி திருமயம் பக்கம் நேரான ரோடு கிடைக்கும். முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேரத்தில் டாப் கியரில் மெதுவாக ஏற்றி, இரைச்சல் எந்த ஆர்பிஎம்மில் தொடங்கி எதில் விடுகிறது என்று பாருங்கள். அப்புறம் ஒரு கியர் குறைத்து அதே ஆர்பிஎம்முக்கு வாருங்கள். வேகம் மாறியும் அதே 2,500-ல் கும்மென்றால் குற்றவாளி எக்ஸாஸ்ட். ஆர்பிஎம் மாறியும் அதே 80-ல்தான் வருகிறதென்றால் சைலன்சரை விட்டுவிட்டு டயரையும் வீல் பேரிங்கையும் பாருங்கள். கும்முகிற நேரத்தில் பின் கதவுக் கண்ணாடியை நாலு விரல் இறக்கினால் சட்டென்று இரைச்சல் மாறுகிறதா என்பதையும் கவனியுங்கள். மாறினால் உள்காற்றுதான் ஆடுகிறது.

போனில் டெசிபல் ஆப் வைத்து அளந்துவிட்டு 'ஒன்றும் அதிகமில்லையே' என்று ஏமாறாதீர்கள். அவை பெரும்பாலும் காது கேட்கும் விதத்துக்கு ஏற்பத் தாழ்ந்த சத்தத்தைக் கழித்துக் காட்டும், 80 ஹெர்ட்ஸில் அந்தக் கழிவே 22 டெசிபலுக்கு மேல். ஸ்பெக்ட்ரம், அதாவது எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் என்று காட்டுகிற இலவச ஆப் போட்டு, பின் சீட்டில் ஒருவரைப் பிடிக்கச் சொன்னால் எந்த இடத்தில் கோபுரம் எழுகிறது என்று தெரிந்துவிடும். அந்த எண்ணைக் குறித்து வையுங்கள், கீழே வேலை இருக்கிறது.

அடுத்து, வண்டி ஆறிக் கிடக்கும்போது பிட்டில் ஏற்றுங்கள். சைலன்சரைத் தொங்கவிடுகிற ரப்பர்கள் வெடித்திருக்கிறதா, கனமான புது டப்பாவால் இழுபட்டுக் கம்பி போல் விறைத்திருக்கிறதா, பைப் எங்காவது அடித்தளத்தைத் தொட்டுக் கறுப்பாகத் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பைப் பாடியைத் தொட்டால் வண்டியே ஸ்பீக்கர் மாதிரி ஆகிவிடும், இதை மட்டும் சரிசெய்து பாதி இரைச்சல் போன வண்டிகளும் உண்டு. அப்புறம் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, தடித்த துணியால் பைப் வாயைச் சில விநாடி பாதி அடையுங்கள். ஜாயின்டுகளில் புஸ்ஸென்று கேட்டால் கேஸ்கட்டோ வெல்டிங்கோ விட்டிருக்கிறது. ஓட்டை இருந்தால் சத்தம் மட்டும் பிரச்சினை இல்லை, கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறலாம், அதற்கு வாசனையே கிடையாது. அதைச் சரிசெய்யும் வரை ஏசியைப் போட்டுக்கொண்டு நின்ற வண்டியில் யாரும் தூங்கக் கூடாது. கையோடு புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அதையும் கழற்றி விற்றிருந்தால் புகைச் சோதனையில் மாட்டுவீர்கள், சத்தம் கூடுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதெல்லாம் ஒழுங்காக இருந்தும் இரைச்சல் இருந்தால், என் முதல் சிபாரிசு பழைய மாதிரி கம்பெனி சைலன்சர்தான். சலிப்பான பதில்தான், ஆனால் வேலை செய்கிற பதில். முன்னவர் போல்ட்டில் மாட்டியிருந்தால் அரை நாள் வேலை, பைப்பை வெட்டி வெல்டிங் வைத்திருந்தால் ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கிற வளையத் தகடு) ஒன்று வைக்க வேண்டியிருக்கும். காயலான் கடையில் பழசு வாங்கினால் குலுக்கிப் பாருங்கள், உள்ளே தகடு உருண்டால் வேண்டாம்.

ஃப்ரீ ஃப்ளோவை விட மனசில்லை என்றால் பைப்பின் பக்கவாட்டில் ஒரு முனை மூடிய கிளைக் குழாய் வைக்கலாம். அதற்குள் போன அலை முட்டித் திரும்பி வந்து எதிர் அலையாகச் சேர்ந்து அந்த ஒரு சத்தத்தை மட்டும் அழிக்கும். நீளம், ஆப்பில் பார்த்துக் குறித்து வைத்தீர்களே, அந்த ஹெர்ட்ஸ் அலையின் கால் பங்கு. சூடான புகையில் ஒலி வேகமாகப் போகும், விநாடிக்கு 400 முதல் 450 மீட்டர் என்று வைத்தால் 83 ஹெர்ட்ஸுக்கு 1.2 முதல் 1.35 மீட்டர் குழாய் வேண்டும். ஆகவே கொஞ்சம் நீளமாக வைத்து, ஓட்டிப் பார்த்து, சிறிது சிறிதாக வெட்டிக் குறைத்துச் சரியான இடத்தில் அடைக்கிற மிஸ்திரி கிடைத்தால் மட்டும் இறங்குங்கள். ஸ்விஃப்ட்டுக்கு அடியில் அவ்வளவு நீளக் குழாயை மடித்து வைத்து, நம்ம ஊர் ஸ்பீட் பிரேக்கரில் இடிக்காமல் தப்பிப்பதும் சுலபமில்லை. பைப் வாயில் திருகுகிற சின்ன அடைப்பான் விற்கிறார்களே, அது வெளிச்சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும், அப்பத்தாவுக்கு உதவாது.

இனி ஆச்சி. உங்கள் தெரு எப்படி என்று எனக்குத் தெரியும். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு என்று வீடுகள் நீண்டு கிடக்கும், இரண்டு பக்கமும் உயரமான சுண்ணாம்புச் சுவர், இடையில் மரமோ மண்ணோ அதிகம் இல்லை. அங்கே கிளப்பும் சத்தம் சுவருக்குச் சுவர் முட்டிக்கொண்டே போகும், திறந்த ரோட்டில் உங்களுக்குக் கேட்பது ஒரு அளவு, வளவு வீட்டில் படுத்திருப்பவருக்குக் கேட்பது வேறு. அதோடு குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் ஒரு நிமிஷம் கூடுதல் ஆர்பிஎம்மில் ஓடும். சூடேறட்டும் என்று ஐந்து நிமிஷம் நிறுத்தி வைப்பது பழைய கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். உங்கள் வண்டிக்கு அரை நிமிஷம் போதும், ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் மெதுவாக நகர்த்திக்கொண்டு போய்விடுங்கள். குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் அளவு என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன, எனவே ஆச்சியின் பக்கம்தான் சட்டமும்.

சட்டம் என்றதும் இன்னொன்று. இத்தகைய கார்களுக்கு ஒப்புதல் சோதனையில் 7.5 மீட்டர் தள்ளி அளந்தால் 74 டெசிபல் வரைதான் அனுமதி. சத்த விதியை மீறி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸும் மூன்று மாதம் தடை ஆகலாம். மாட்டினது முன்னவர் என்றாலும் நிறுத்துகிற போலீஸ்காரருக்கு ஓட்டுகிறவர்தான் தெரிவார்.

பிக்கப் போகுமா என்று கேட்டீர்கள். 1.2 லிட்டர் எஞ்சினில் பின் டப்பாவை மட்டும் மாற்றி வருகிற லாபம் ஓட்டினால் தெரிகிற அளவே இல்லை, சத்தம் கூடினதால் வேகம் கூடினதாகத் தோன்றுகிறது. சந்தேகமிருந்தால் கழற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரே ரோட்டில், மூன்றாவது கியரில் 40-லிருந்து 80 வர எத்தனை விநாடி என்று பக்கத்தில் இருப்பவரைப் போனில் அளக்கச் சொல்லுங்கள்.