பெர்மிட் இல்லாமல் வந்தவர்கள்

வணக்கம் ஐயா,

மலைநாட்டுத் தோட்டங்களில் இருந்து வந்து குடியேறிய கிளிநொச்சிப் பாரதிபுரத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் இடையில் படிப்பை விடுவது பற்றி, அதற்கு அரசாங்கத்தைக் குறை சொல்லி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் வட்டக்கச்சியில் பிறந்து எண்பதுகளின் கடைசியில் கனடாவுக்கு வந்தவன், இப்போது ஸ்காபரோவில் இருக்கிறேன். என் அப்பா ஐம்பதுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, காடு வெட்டி, மலேரியாக் காய்ச்சலில் கிடந்து, இரவில் யானைக்குக் காவலிருந்து உண்டாக்கிய காணியில்தான் நாங்கள் வளர்ந்தோம். மலைநாட்டில் இருந்து வந்தவர்களும் அதே காட்டுக்குத்தான் வந்தார்கள், இரண்டு பகுதியும் வெறுங்கையோடுதான் வந்தது. ஒரு பகுதி டொக்டர், எஞ்சினியர் என்று போய்விட்டது. மற்றப் பகுதி இன்னும் கூலிக்கு நிற்கிறது. அரசாங்கத்தை மட்டும் குறை சொல்லலாமா? முன்னேற வேண்டும் என்ற எண்ணம் அவர்களிடம் குறைவோ என்று எனக்குப் படுகிறது. கனடாவிலும் நாங்கள் வெறுங்கையோடு வந்து, உணவகங்களில் கோப்பை கழுவித்தான் வீடு வாங்கினோம்.

இன்னொரு விஷயம். எங்கள் சங்கம் கிளிநொச்சிப் பிள்ளைகளுக்கு உதவ ஒரு தொகை சேர்த்திருக்கிறது. பரீட்சையில் கூடிய புள்ளி எடுப்பவர்களுக்குப் பரிசாகக் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். உங்கள் அபிப்பிராயம் தேவை.

ஒரு வாசகர், ஸ்காபரோ

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அப்பாவின் உழைப்பில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. என் அப்பு உருத்திரபுரத்தில் அதே பாட்டைத்தான் பட்டார். காய்ச்சலுக்குப் பயந்து பெண் பிள்ளைகளை ஊரிலேயே விட்டுவிட்டு, ஆண்கள் மட்டும் வந்து கொட்டில் போட்டுக் கிடந்த காலம் அது. ஆனால் அவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள் என்பதை நான் ஏற்கமாட்டேன். அவர்கள் கையில் ஒரு கடதாசி இருந்தது. உங்கள் கேள்விக்கு என் பதில் முழுவதும் அந்தக் கடதாசியில்தான் இருக்கிறது.

இரணைமடுக் குளத்தைக் கட்டத் தொடங்கியது 1902இல். குளம் நிறைந்தது, விதைக்கத்தான் ஆள் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆள் கூடி நிலம் குறைந்தபோது, அந்த நெருக்கடியைத் தணிக்க 1936இல் இங்கே குடியேற்றம் தொடங்கியது, கிளிநொச்சிப் பட்டணம் என்பதே அதோடுதான் பிறந்தது. அதற்கு முதல் வருடம் வந்ததுதான் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். வறண்ட வலயத் திட்டங்களில் ஆரம்பத்தில் ஒரு குடும்பத்துக்கு 5 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுக்காணியும் கொடுத்தார்கள், பிறகு 3, 2 என்று குறைத்தார்கள். காணிக் கச்சேரி என்ற தெரிவுக் கூட்டம் வைத்து, பெயர் கூப்பிட்டு, பெர்மிட் என்ற காணி அனுமதிக் கடதாசியை எழுதிக் கொடுத்து, வயலுக்கு வாய்க்கால் வெட்டி, வாய்க்காலுக்கு இலக்கம் போட்டுக் கொடுத்த ஏற்பாடு அது. யானை மிதித்ததும் காய்ச்சல் அடித்ததும் உண்மைதான். ஆனால் அதையெல்லாம் தாங்கி முடிந்தபோது காணி அவர்கள் பெயரில் இருந்தது, பிறகு மகன் பெயருக்கு மாறியது. தோற்றால் திரும்பிப் போக ஊரில் ஒரு வீடும், பனங்காணியும், சகோதரங்களும் இருந்தார்கள். அந்தத் தைரியத்தின் பெறுமதி அது இல்லாதவனுக்குத்தான் தெரியும்.

அதே சட்டம் இந்தக் காணிகளை யாருக்குக் கொடுக்கலாம் என்றும் சொன்னது. பூர்வீகமே இலங்கையாக இருக்கவேண்டும். இந்தியாவில் இருந்து வந்தவர்களின் வழிவந்த மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர்களுக்கு அதிலேயே கதவு மூடிவிட்டது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து அவர்களை நாடற்றவர் ஆக்கியதைத்தான் நாங்கள் அடிக்கடி பேசுகிறோம். அதற்குப் பத்து வருடங்களுக்கும் மேல் முன்பாகவே அரச காணியில் இருந்து அவர்களை வெளியே நிறுத்தியாயிற்று என்பதை நம்மில் அனேகர் கவனிப்பதில்லை. நம் அப்பாமாருக்கு வயலைக் கொடுத்த அதே சட்டம்தான் அவர்களுக்கு மறுத்தது!

அவர்கள் எப்படி வந்தார்கள் என்பதையும் பாருங்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, நாடற்ற 9,75,000 பேரைக் கணக்குப் பார்த்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். யாரையும் கேட்கவில்லை. எழுபதுகளின் நடுப்பகுதியில் தோட்டங்களில் பட்டினி. லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் கிடந்து சாவதைவிட வன்னியில் கூலி வேலையாவது கிடைக்கும் என்று குடும்பங்கள் ரயில் ஏறின. 1977 ஆவணிக் கலவரத்தில் லயங்களை எரித்தபோது இன்னும் ஆயிரக்கணக்கானோர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடி வந்தார்கள். 1958இலும் வந்தார்கள், 1983இலும் வந்தார்கள். எந்தக் கச்சேரியும் இவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. காட்டு ஓரத்திலும், ரோட்டுக் கரையிலும், தோட்டக்காரர் காட்டிய மூலையிலும் கொட்டில் போட்டார்கள்.

அந்த நேரம் வன்னியில் யாருக்கு ஆள் தேவைப்பட்டது என்று யோசியுங்கள். 1970க்குப் பிறகு சிறிமா அரசாங்கம் இறக்குமதியை அடைத்ததும் செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை வந்தது. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் திட்டத்தில் காணி எடுத்தவர்கள் மிளகாயில் கல்வீடு கட்டினார்கள், உழவு இயந்திரம் எடுத்தார்கள், பிள்ளைகளை யாழ்ப்பாணத்து விடுதிகளில் விட்டுப் படிப்பித்தார்கள். மிளகாய்க்கு நிறைய ஆள் வேண்டும். நாற்று நட, களை பிடுங்க, தண்ணீர் மாற, பழம் ஆய, காயப்போட, எல்லாவற்றுக்கும் கை வேண்டும். அந்தக் கைகள் மலைநாட்டில் இருந்து வந்தவை. அப்படியென்றால் இவை தனித்தனியாக முன்னேறிய, முன்னேறாத இரண்டு சமூகங்கள் இல்லை, ஒன்றின் முன்னேற்றத்தில் மற்றதன் நாட்கூலி இருக்கிறது. அவர்களுடைய சின்னப் பிள்ளைகள் நம்முடைய வீடுகளில் வேலைக்கு நின்றதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக அந்தப் பிள்ளைகள் முற்றம் கூட்டினார்கள். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் மறைக்காமல் எழுதுகிறேன்.

முன்னேற்றத்தைத் தடுத்தது எண்ணம் இல்லை என்பதற்கு இன்னொரு சாட்சியும் நம் கொலனிகளிலேயே உண்டு. திட்டங்களுக்கு வந்த எல்லோரும் வசதியான சாதியார் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்புக் காணிக்கும் வழியில்லாமல், கிணற்றில் தண்ணீர் அள்ளவும் விடாமல் வைக்கப்பட்டிருந்த குடும்பங்களுக்கும் இங்கே பெர்மிட் கிடைத்தது. ஒரு தலைமுறையில் அவர்கள் நிமிர்ந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் இன்று ஆசிரியர்களும் தாதியரும் இருக்கிறார்கள். கடதாசி கிடைத்த இடத்தில் ஏழையும் எழும்பினான். ஒரே மழைதான் பெய்கிறது, வரம்பு கட்டிய வயலில்தானே தண்ணீர் நிற்கும்.

இப்போது உங்கள் கனடாக் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் அது உங்கள் வாதத்துக்கே எதிராக நிற்கிறது. 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். கனடிய அரசு அவர்களுக்கு என்ன கொடுத்தது? வேலை செய்யும் உரிமையோடு ஒரு வருட அனுமதி. அதற்கு முதல் வருடம்தான், அகதி அந்தஸ்துக் கேட்பவரை நேரில் விசாரிக்காமல் தள்ளக்கூடாது என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்திருந்தது. அந்த வழியால்தான் உங்களைப்போன்ற ஆயிரக்கணக்கானோருக்கு விசாரணையும், வேலை அனுமதியும், நிரந்தர வதிவிடமும், கடைசியில் குடியுரிமையும் வந்தன. நீங்கள் கோப்பை கழுவினீர்கள், மறுக்கவில்லை. ஆனால் கழுவிய சம்பளத்தை வங்கியில் போட்டு வீட்டுக்கடன் கேட்க உங்களிடம் ஒரு அட்டை இருந்தது. அங்கே பிறந்த உங்கள் பிள்ளை பிறந்த அன்றே கனடியன். நுவரெலியாவில் பிறந்து கிளிநொச்சியில் பிள்ளை பெற்ற ஒரு தாய்க்கு, பாட்டன் காலத்தில் இருந்து இந்த மண்ணிலேயே இருந்தும், நாடு எது என்று சொல்ல 1988 சட்டம்வரை, சிலருக்கு 2003 சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் ஒரு முழுத் தலைமுறை வாக்கில்லாமல் வளர்ந்துவிட்டது. வாக்கில்லாதவனின் குடிசைக்கு எந்த அரசியல்வாதி ரோட்டுப் போடுவான்?

அப்புறம், வெளிநாடு போவதற்கே காணி தேவைப்பட்டது. எண்பதுகளில் ஏஜென்சிக்காரனுக்குக் கட்டிய காசு எங்கிருந்து வந்தது? காணியை ஈடு வைத்தோம், நகையை விற்றோம், ஏற்கெனவே போன மாமா அனுப்பினார். காணி இல்லாதவர்கள் படகேறித் தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாமுக்குத்தான் போனார்கள். போர் முடிந்த பிறகு வன்னியில் யார் வீடு முதலில் எழும்பியது என்று பாருங்கள், ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஆள் இருந்தவர்கள் வீடுதான். இந்திய வீட்டுத்திட்டம் வீட்டுக்கு 5,50,000 ரூபா என்று வந்தபோதும் காணிக்கு ஏதாவது ஒரு ஆவணம் கேட்டார்கள். முப்பது, நாற்பது வருடம் ஒரே இடத்தில் இருந்து, மா வைத்து, தென்னை வைத்துக் காய் பறித்தவர்கள் அந்த மேசைக்கு முன்னால் ஒன்றும் காட்ட முடியாமல் நின்றார்கள்.

கமக்காரக் கூட்டங்களிலும் இதுதான் நடக்கிறது. சிறுபோகத்துக்கு இரணைமடுவில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், ஒரு காணிக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்கிறார்கள். பங்கு காணிக்குத்தான், மண்வெட்டி பிடிப்பவனுக்கு இல்லை. உர மானியமும் வெள்ள நிவாரணமும் பதிவைப் பார்த்துத்தான் வரும். குத்தகைக்கு எடுத்து விதைத்தவன் குத்தகையும் கொடுத்து, அழிவையும் தானே சுமக்கிறான். நுண்கடன் கம்பனிகள் இந்தக் குடிசைகளைத் தேடிப் போனதற்கும் காரணம் இதுதான். ஈடு வைக்க ஒன்றும் இல்லாத பெண்களுக்கு வங்கிக் கதவு திறக்காது, வீடு தேடி வந்து கிழமைக்குக் கிழமை தவணை கேட்பவனிடம்தான் கடன் கிடைக்கும்.

எல்லோரும் ஒரே மாதிரி என்று நான் சொல்லவில்லை. மலைநாட்டுக் குடும்பங்களில் இன்று கடை வைத்திருப்பவர்கள், ஆசிரியர்கள், மரக்கறி வியாபாரத்தில் நன்றாக நிற்பவர்கள் இருக்கிறார்கள். நம் பக்கத்திலும் போரில் எல்லாம் இழந்து, இரண்டு ஏக்கரையும் ஈட்டில் விட்டவர்கள் இருக்கிறார்கள். முள்ளிவாய்க்காலில் எறிகணை ஆளைப் பார்த்து விழவில்லை. எழும்பி நிற்கும்போதுதான் வித்தியாசம் தெரிந்தது.

மறந்துபோனவர்கள் இரண்டு பேரைச் சொல்லவேண்டும். கட்டடக்கலைஞர் டேவிட், வைத்தியர் இராஜசுந்தரம். 1977க்குப் பிறகு வந்தவர்களைக் காந்தீயம் அமைப்பின் மூலம் வவுனியாவைச் சுற்றி நிலத்தில் இருத்தி, கிணறு வெட்டிக் கொடுத்து, சிறுவர் பள்ளி நடத்தியவர்கள் இவர்கள். 1983இல் இருவரையும் பிடித்தார்கள். இராஜசுந்தரத்தை வெலிக்கடைச் சிறையில் அடித்துக் கொன்றார்கள். டேவிட் தப்பி, பல வருடம் தமிழ்நாட்டில் இருந்து, கடைசியில் திரும்பி வந்து 2015இல் கிளிநொச்சியில் காலமானார். டொலர் பாம் என்ற பண்ணையில் குடியிருந்த மலைநாட்டுக் குடும்பங்களை 1984இல் எழுப்பிவிட்டு அங்கே சிறைக்கைதிகளைக் கொண்டுவந்து இருத்தினார்கள். ஒரு குடும்பம் லயத்தில் இருந்து ஓடி, வவுனியாவில் இருந்து ஓடி, அங்கிருந்தும் ஓடி, கடைசியில் கிளிநொச்சித் தருமபுரத்தில் வந்து நிற்பதை நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டுப் பிள்ளையிடம் முன்னேறும் எண்ணம் இருக்கிறதா என்று கேட்க எனக்கு வாய் வராது.

நீங்கள் கேட்ட இரண்டாவது விஷயம். புள்ளிக்குப் பரிசு கொடுக்காதீர்கள். கூடிய புள்ளி எடுக்கும் பிள்ளைக்கு ஏற்கெனவே ரியூசனும் மேசையும் படித்த தாயும் இருக்கிறார்கள், உங்கள் காசு அந்த வீட்டில் ஒரு படமாகச் சுவரில் தொங்கும். சாதாரண தரம் சித்தியடைந்தும், உயர்தரம் படிக்கப் பட்டணத்துப் பாடசாலைக்குப் போக பஸ் காசு இல்லாமல் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண் பிள்ளைகள் மலையாளபுரம், சாந்தபுரம், கிருஷ்ணபுரம் பக்கம் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு வருடப் பஸ் காசும் ரியூசன் காசும் மாதாமாதம் கிடைத்தால் போதும். ஒரே தடவையில் கொடுக்கவேண்டாம், வீட்டில் கடன்காரன் காத்திருப்பான். மிச்சம் இருந்தால், காணிக் கந்தோரில் வேலை செய்து இளைப்பாறிய ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்து, இந்தக் குடும்பங்களின் விண்ணப்பங்களையும் பெயர்மாற்றங்களையும் எழுதி, பிரதேச செயலகத்துக்குக் கூடப்போய் வரச் செய்யுங்கள். ஒரு நாள் செயலகத்தில் நின்றால் ஒரு நாள் கூலி போகிறது, அதனாலேயே பாதிப் பேர் விண்ணப்பத்தை இடையில் விடுகிறார்கள்.

அதிபர்கள் சிலரிடம் பேசிவிட்டேன், உதவி தேவைப்படும் பிள்ளைகளின் பட்டியல் தரச் சம்மதித்திருக்கிறார்கள். உங்கள் சங்கத்தில் காசுக்குப் பொறுப்பாக இருப்பவரை எனக்கு எழுதச் சொல்லுங்கள்.