கிரீன் கார்டு நிலுவையில் இருக்கும்போது ஊருக்குப் போய் வரலாமா?

அமெரிக்கரைத் திருமணம் செய்து, அமெரிக்காவில் இருந்தபடியே ஐ-485 படிவத்தில் கிரீன் கார்டு கேட்டிருக்கிறீர்கள். முடிவு வருமுன் வெளிநாடு போகலாமா? போகலாம், 'அட்வான்ஸ் பரோல்' கையில் வந்த பிறகு. வெளியே போய்த் திரும்ப முன்கூட்டியே வாங்கும் அனுமதி அது. ஐ-131 படிவத்தில் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு உடனே கிளம்பிவிடக் கூடாது.

காரணம் எளிது. ஐ-485 என்பதே 'நான் இங்கேதான் இருக்கிறேன், இங்கேயே நிரந்தரமாக வசிக்க விடுங்கள்' என்ற கோரிக்கை. அனுமதியில்லாமல் கிளம்பினால் அதைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். பஸ் சீட்டில் துண்டு போட்டுவிட்டு டீ குடிக்க இறங்குகிறோமே, அந்தத் துண்டுதான் இந்த அனுமதி. துண்டு இல்லையா, சீட்டு போச்சு. உங்கள் உறவைக் காட்டத் துணைவர் தாக்கல் செய்த ஐ-130 மனு மட்டும் இதனால் ரத்தாகாது.

எச்-1பி, எல்-1 வேலை விசாக்காரர்களுக்கும் அவர்களைச் சார்ந்து எச்-4, எல்-2 விசாவில் இருக்கும் குடும்பத்தினருக்கும் விலக்கு உண்டு; செல்லுபடியாகும் அதே விசாவில் திரும்பலாம். எஃப்-1 மாணவர்களுக்கு அது கிடையாது. பாஸ்போர்ட்டில் விசா இருக்கிறதே என்று பலர் ஏமாறுவது இங்கேதான்.

அப்புறம், அட்வான்ஸ் பரோல் இருந்தால் நுழைவு உறுதி என்று நினைக்காதீர்கள்: அது விண்ணப்பத்தைத்தான் காப்பாற்றும், உள்ளே விடுவதா என்று முடிவெடுப்பவர் விமான நிலைய அதிகாரி.