கை வச்சா இஞ்சின் ஜில்லுன்னு இருக்கணும்

வாசகர் கேள்வி, மெக்கானிக் பதில்

கேள்வி: அண்ணா, நாங்க திருவொற்றியூர் குப்பம். எங்க வீட்டுக்காரரும் என் தம்பியும் இத்தனை வருஷமா அடுத்தவங்க லாஞ்ச்லதான் பங்குக்கு போயிட்டிருக்காங்க. இப்போ காசிமேட்டுல ஒரு சின்ன ஃபைபர் லாஞ்ச் விலைக்கு வருது, உள்ள லேலண்ட் இஞ்சின். "இஞ்சின் கல்லு மாதிரி இருக்கு, போன வருஷம்தான் வேலை பாத்தேன்"னு ஓனர் சொல்றாரு. ஆனா தடைக்காலம் முடியறதுக்குள்ள முழுப் பணமும் வந்தாதான் குடுப்பேன்னு நிக்கிறாரு. என் நகையும் மகளிர் குழு லோனும் போட்டுதான் வாங்கப் போறோம். இஞ்சினை எப்படிப் பாக்கணும், சொல்லுங்கண்ணா.
- வாசகி, திருவொற்றியூர்

பதில்: தங்கச்சி, உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். உங்க நகை, குழு லோன் எல்லாம் அந்த ஒரு இஞ்சினை நம்பித்தான் போவுது, அதனால கொஞ்சம் நீட்டாவே சொல்றேன், வீட்டுக்காரரையும் தம்பியையும் பக்கத்துல உக்கார வச்சு படிச்சுக் காட்டுங்க.

முதல்ல அந்த முழுப் பணம் விஷயம். குடுக்காதீங்க. தடைக்காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், லாஞ்ச் கரையேறி நிக்கிற இந்த நேரத்துல அடிப்பக்கம் பாக்கறதுக்கு நல்ல வசதி, ப்ரொப்பெல்லரைக் கையால புடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பாக்கலாம், ஷாஃப்ட் லொடலொடன்னு ஆடுச்சுன்னா பேரிங் தேஞ்சிருக்குன்னு அப்பவே தெரிஞ்சிடும். ஆனா இஞ்சினைப் பாக்க இது நேரமே இல்ல. கரையில லோடு இல்லாம உறுமுறப்போ எல்லா இஞ்சினும் நல்ல இஞ்சின் மாதிரிதான் இருக்கும். அதுவும் வாட்டர் பம்ப்புக்கு தண்ணி குடுக்காம சும்மா ஓட்டிக் காட்டினாங்கன்னா உள்ள இருக்கிற ரப்பர் இம்பெல்லர் கொஞ்ச நேரத்துலயே கருகிடும், ஒரு ட்ரம்ல தண்ணி வச்சு ஓஸ் போட்டுத்தான் ஓட்டணும். அதனால இப்போ அட்வான்ஸ் மட்டும் குடுங்க, "தண்ணியில இறக்கி ஒரு மணி நேரம் கடல்ல ஓட்டிப் பாத்த பிறகுதான் மீதி, இஞ்சின் சரியில்லன்னா அட்வான்ஸ் வாபஸ்"னு பேப்பர்ல எழுதி ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்து வாங்குங்க. இதுக்கு ஒத்துக்காத ஓனர்கிட்ட வேற எதையும் பேச வேணாம்.

அப்புறம் நான் உயிரைக் குடுத்து சொல்றது ஒண்ணு. ஓட்டிப் பாக்கப் போற அன்னிக்கு, யாரும் செல்ஃப் அடிக்கிறதுக்கு முன்னாடி, நீங்க இஞ்சின் ரூமுல இறங்கி சிலிண்டர் ஹெட்டு மேல உள்ளங்கைய வைங்க. ஜில்லுன்னு இருக்கணும். வெதுவெதுன்னு இருந்தா "இன்னொரு நாள் வர்றோம்"னு சொல்லிட்டு கிளம்பி வந்துடுங்க.

ஏன்னு சொல்றேன். பல வருஷத்துக்கு முன்னாடி என் பெரியப்பா பையனுக்காக ஒரு லாஞ்ச் பாக்கப் போனேன். கை வச்சேன், சுடுது. "இப்பதாண்ணே ஐஸ் ஏத்தற இடத்துல இருந்து கொண்டாந்து கட்டினோம்"னு சொன்னாங்க, நானும் சரின்னுட்டேன். செல்ஃப் தொட்ட உடனே ஸ்டார்ட் ஆச்சு, சத்தமும் நல்லா இருந்துச்சு, வாங்கிட்டோம். மறுநாள் விடியக்காலம் மூணு மணிக்கு ஆறிப்போன இஞ்சினை ஸ்டார்ட் பண்றோம், செல்ஃப் சுத்துது சுத்துது எடுக்கவே மாட்டேங்குது, கடைசியில பாட்டரியே இறங்கிடுச்சு. ரெண்டாவது வாரம் பழவேற்காடு பக்கத்துல நின்னுபோய் வேற லாஞ்ச் கயிறு கட்டி இழுத்துட்டு வந்துச்சு. கழட்டினா, பிஸ்டன் ஏறி இறங்கற குழாய் இருக்கே, அந்த லைனர் நாலும் தேஞ்சு கிடக்கு, பிஸ்டனைச் சுத்தி காத்து ஒழுகாம புடிக்கிற ரிங்கு உடைஞ்சிருக்கு. அந்தக் கடனை அவன் அடைக்கிறதுக்குள்ள பட்ட பாட்டைப் பாத்தவன் நான், அன்னிக்கு அந்த சூட்டைக் கையில உணர்ந்தும் விட்டுட்டேனேன்னு இன்னிக்கும் மனசு கேக்கல.

டீசல் இஞ்சினுக்கு பெட்ரோல் வண்டி மாதிரி பிளக்கு கிடையாது, காத்தை அமுக்கி அமுக்கி வர்ற சூட்டுலதான் டீசல் பத்திக்கும், அந்த அமுக்கத்தைத்தான் கம்ப்ரெஷன்னு சொல்றது. ரிங்கு, லைனர், வால்வு எது தேஞ்சாலும் காத்து ஒழுகிடும், அந்த சூடு வராது. இஞ்சின் ஏற்கெனவே சூடா இருந்தா அந்தக் குறை வெளிய தெரியாது, ஆறியிருந்தா மறைக்கவே முடியாது. நம்ம சென்னை வெயிலுக்கு குளிருதுன்னு சாக்கு சொல்ல வழியே இல்ல, நல்ல பாட்டரி இருந்தா மூணு நாலு செகண்ட்ல எடுக்கணும். எடுக்கலன்னா உடனே இஞ்சின் போச்சுன்னும் அர்த்தம் இல்ல, ரொம்ப நாள் நின்ன லாஞ்ச்ல டீசல் லைன்ல ஏர் புடிச்சிருக்கலாம், ஏர் எடுத்துட்டு மறுபடி அடிக்கச் சொல்லுங்க. ஆனா ஏர் ஃபில்டரைக் கழட்டி பெட்ரோல் நனைச்ச துணிய காட்டி ஸ்டார்ட் பண்ணா, கம்ப்ரெஷன் இல்லாத இஞ்சின்னு அவங்களே சொல்லிட்ட மாதிரிதான்.

ஸ்டார்ட் ஆன உடனே ஒருத்தர் புகை போற இடத்துல நில்லுங்க. முதல் நிமிஷம் கொஞ்சம் வெள்ளையா வந்து நிக்கிறது சகஜம். நிக்காம வெள்ளையாவே வந்து கண்ணு எரிஞ்சா அது எரியாத டீசல், டீசலைத் தெளிக்கிற நாசில் இல்லன்னா கம்ப்ரெஷன் கோளாறு. கண்ணு எரியாம வெறும் ஆவியா வந்து காத்துல கரைஞ்சா உள்ள தண்ணி போவுது, ஹெட் கேஸ்கட்டை சந்தேகப்படுங்க. நீலமா வந்தா ஆயில் எரியுது. கறுப்புப் புகைக்கு பயப்படாதீங்க, ஏர் ஃபில்டர் அடைப்பு, நாசில், ப்ரொப்பெல்லர் சைஸ் பெருசு, அடியில பாசி, எதுவா வேணா இருக்கலாம், அதெல்லாம் சரி பண்ணக்கூடியதுதான்.

இஞ்சின் ஓடிட்டிருக்கும்போதே ஆயில் ஊத்துற மூடியத் திறந்து அப்படியே கவுத்து அதும்மேல சும்மா வைங்க. லேசா டங்கு டங்குன்னு ஆடினா பரவால்ல. மூடிய தூக்கி அடிச்சு புகையும் ஆயிலும் குபுகுபுன்னு வந்தா அதைத்தான் மெக்கானிக்குங்க பேக் கம்ப்ரெஷன்னு சொல்றது, லைனர் பிஸ்டன் முழுசா மாத்தற வேலை இருக்கு. "போன வருஷம்தான் வேலை பாத்தேன்"னு சொல்றாருல்ல, அப்படின்னா இது வரவே கூடாது. எந்தப் பட்டறையில பாத்தீங்க, ஸ்பேர் வாங்கின பில்லு எங்கன்னு கேளுங்க. பெயின்ட் புதுசா அடிச்சிருந்தா போல்ட்டு தலைகளைக் கிட்டப் போய் பாருங்க. ஹெட் போல்ட்டைச் சுத்தி பெயின்ட் வெடிச்சு, ஸ்பேனர் புடிச்ச மூலை மட்டும் பளபளன்னு இரும்பு தெரிஞ்சா, பெயின்ட் அடிச்சதுக்கு அப்புறமும் ஹெட்டைக் கழட்டியிருக்காங்க, அது எதுக்குன்னு அவருதான் சொல்லணும்.

ஆயில் பாக்குறது இஞ்சின் ஓட்டறதுக்கு முன்னாடியே. ஆயில் லெவல் பாக்கற கம்பிய எடுத்து விரல்ல தேச்சுப் பாருங்க. டீசல் இஞ்சின்ல ஆயில் கறுப்பாதான் இருக்கும். பால் டீ கலர்ல இருந்தா தண்ணி கலந்திருக்கு, பேச்சே வேணாம். தண்ணி மாதிரி ஓடி டீசல் வாடை அடிச்சு லெவலும் மேல இருந்தா பம்ப்புல இருந்து டீசல் உள்ள இறங்குது. பழைய இஞ்சின்ல தேன் கலர்ல புது ஆயில் இருந்தா எனக்கு சந்தோஷம் வராது, நேத்து மாத்தினதா இருக்கும், பழைய ஆயில் என்ன கலர்ல இருந்துச்சோ யாருக்குத் தெரியும், அதனால ஒரு மணி நேரம் கடல்ல ஓட்டி வந்த பிறகு இன்னொரு தடவை கம்பிய எடுத்துப் பாருங்க. கியர் பாக்ஸ் ஆயிலையும் இதே மாதிரி பாருங்க, கருகின வாடை வரக்கூடாது.

கடல்ல போனதும் மெதுவா ஓட்டி ஏமாத்த விடாதீங்க. முழு ரேஸ் குடுத்து பத்து நிமிஷமாவது ஓட்டச் சொல்லுங்க. ஹீட் மீட்டர் ஒரு இடத்துல போய் நிக்கணும், ஏறிக்கிட்டே போகக்கூடாது. இஞ்சின் சத்தம் ஏறியும் லாஞ்ச் வேகம் ஏறலன்னா கியர் பாக்ஸ் நழுவுது. முன்னாடி பின்னாடி ரெண்டு கியரும் போட்டுப் பாருங்க, கியர் போட்டு ரெண்டு மூணு செகண்ட் கழிச்சு டக்குன்னு புடிச்சா கிளட்ச் தேஞ்சிருக்கு. திரும்பி வந்து கட்டினதும் ஐடிலிங்ல விட்டு ஆயில் பிரஷரைப் பாருங்க, ஆறியிருந்தப்போ காட்டினதைவிட கொஞ்சம் இறங்கியிருக்கும், முள்ளு ஜீரோவுல போய் படுத்துட்டா பேரிங் போச்சு. ஷாஃப்ட் வெளிய போற இடத்துல கிளாண்ட் பேக்கிங்ல ஓடும்போது சொட்டு சொட்டா தண்ணி வர்றது தப்பில்ல, அது வந்தாதான் பேக்கிங் சூடாவாம இருக்கும், கோடா ஊத்தினாதான் பிரச்சனை.

லேலண்ட்ங்கறது உங்களுக்கு ஒரு நிம்மதி. 1948ல அசோக் மோட்டார்ஸா ஆரம்பிச்சு 1955ல லேலண்ட் பேர் சேந்த கம்பெனி, ஃபேக்டரி நம்ம எண்ணூர்லயே இருக்கு, ஸ்பேருக்கு அலைய வேண்டியதில்ல, கை வைக்கத் தெரிஞ்ச மெக்கானிக்கும் காசிமேட்டுல தெருவுக்கு ஒருத்தர் இருக்காரு. ஆனா கடலுக்குன்னே வந்த இஞ்சினா, இல்ல லாரியில இருந்து எடுத்துப் போட்டதான்னு கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. லாரி இஞ்சின்னா வேணாம்னு சொல்லல, அதுக்கு உப்புத் தண்ணி கூலிங்கை யாரு எப்படி மாத்திக் குடுத்தாங்கன்னு பாத்தே ஆகணும். இஞ்சின் பிளேட்டுல இருக்கிற நம்பரும் ஹெச்.பி.யும் ஆர்.சி. புக்குல இருக்கறதோட ஒத்துப்போவுதான்னும் பாருங்க. 2020ல வந்த விதிப்படி விசைப்படகுல 240 ஹெச்.பி.க்கு மேல போடக்கூடாது, அதுக்கு மேல பவர் இருக்கற சீன இஞ்சின் பிரச்சனையில நம்ம காசிமேட்டுல எவ்ளோ சண்டை நடந்துச்சுன்னு உங்க வீட்டுக்காரருக்கே தெரியும். நம்பர் ஒத்துப்போகாத இஞ்சினை எவ்ளோ நல்லா இருந்தாலும் வாங்காதீங்க.

ஒரு நாள் கூலி குடுத்து உங்களுக்குத் தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க. ஓனர் கூட்டிட்டு வர்ற மெக்கானிக் வேணாம்.

கேள்வி: அண்ணே, 2023 மிக்ஜாம் புயல் வெள்ளத்துல முழுகின போட்ல இருந்து எடுத்த டீசல் இஞ்சின் ஒண்ணு ரொம்ப கம்மி விலைக்கு வருது. துடைச்சு பெயின்ட் அடிச்சு சூப்பரா வச்சிருக்காங்க. வாங்கலாமா?
- வாசகர், எண்ணூர்

பதில்: தம்பி, முழுகினது பெரிய விஷயம் இல்ல, எடுத்த அன்னிக்கே என்ன பண்ணாங்கங்கறதுதான் கேள்வி. தூக்கின உடனே நல்ல தண்ணியில கழுவி, உள்ள இருந்த தண்ணிய இறக்கி, ஆயிலை ரெண்டு மூணு தடவை மாத்தி, அன்னிக்கே ஓட்டி சூடு பண்ணியிருந்தா அந்த இஞ்சின் பொழைச்சிருக்கும். ஒரு வாரம் அப்படியே கிடந்திருந்தா உப்பு ரிங்கையும் பேரிங்கையும் அரிச்சு குழி போட்டிருக்கும், அது இன்னிக்கு ஓடும், ஆறு மாசத்துல விட்டுடும். அந்த நேரத்துல எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் வேற மிதந்துச்சு, எத்தனை பேரோட போட் கறுத்துப் போச்சுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

துடைக்க எட்டாத இடமாப் பாருங்க. டைனமோவும் செல்ஃபும் மட்டும் புதுசா இருக்கான்னு பாருங்க, செல்ஃபைக் கழட்டி ஃப்ளைவீல் இருக்கிற பொந்துக்குள்ள டார்ச் அடிங்க, சேறும் துருவும் அங்க இன்னும் ஒட்டியிருக்கும். அடியில ஆயில் நிக்கிற சம்பைக் கழட்டி ஒரு பேரிங்கையாவது எடுத்துப் பாக்க விட்டாங்கன்னா யோசிக்கலாம். விடலன்னா எவ்ளோ கம்மின்னாலும் வேணாம்.

கேள்வி: சார், கப்பல்ல வேலை பாத்து ரிட்டயர் ஆகி ராயபுரத்துல இருக்கேன். சொந்தமா ஒரு பாய்மரப் படகு ஓட்டணும்னு ரொம்ப நாள் ஆசை. 26 அடி படகு ஒண்ணு பாத்திருக்கேன், உள்ள யான்மார் ரெண்டு சிலிண்டர் டீசல், 30 வருஷப் பழசு, ஆனா மீட்டர்ல 600 மணி நேரம்தான் காட்டுது. நல்லதுதானே?
- வாசகர், ராயபுரம்

பதில்: சார், மீட்டரு உண்மையாவே இருந்தாலும் வருஷத்துக்கு 20 மணி நேரம்தான் ஓடியிருக்கு. மீன்புடி லாஞ்ச் இஞ்சின் ஓடி ஓடித் தேயும், பாய்மரப் படகு இஞ்சின் ஓடாமயே வீணாப்போவும். ஹார்பரை விட்டு வெளிய வர பத்து நிமிஷம் ஐடிலிங்ல ஓட்டுவாங்க, பாய ஏத்தினதும் நிறுத்திடுவாங்க, இஞ்சின் ஒரு நாளும் முழுசா சூடாகியிருக்காது. கரி எல்லாம் போய் புகையும் தண்ணியும் சேர்ற அந்த எக்ஸாஸ்ட் எல்போவுலதான் அடையும். படகுக்குப் பின்னாடி புகையோட தண்ணி நல்லா பீச்சி அடிக்கணும், நூல் மாதிரி வந்தா எல்போவைக் கழட்டிப் பாருங்க, பாதிக்கு மேல அடைச்சிருந்தாலும் ஆச்சரியமில்ல. இரும்பு உள்பக்கமா அரிச்சு ஓட்டை விழற இடமும் அதுதான்.

கடல் தண்ணியே நேரா இஞ்சினுக்குள்ள சுத்துதா, இல்ல தனியா நல்ல தண்ணி கூலிங் இருக்கான்னும் கேளுங்க. யான்மார் ஜி.எம். சீரிஸ்ல கடல் தண்ணி மாடலுக்கு, சூட்டைப் பாத்து கூலிங் தண்ணிய திறந்து விடற தெர்மோஸ்டாட் 42 டிகிரியிலயே திறந்துடும், ரொம்ப சூடானா உப்பு உள்ள படியும்னுதான் அப்படி வச்சிருக்காங்க, நல்ல தண்ணி மாடலுக்கு அது 71 டிகிரி. 30 வருஷம் கடல் தண்ணி குடிச்ச பிளாக்குன்னா ஹெட்டைக் கழட்டி தண்ணிப் பாதைய பாக்காம நான் விலை பேச மாட்டேன்.

டீசல் டேங்குல பாதி காலி விட்டு வருஷக்கணக்கா நிறுத்தியிருந்தா நம்ம ஊரு ஈரக்காத்துல அடியில தண்ணி சேந்து, கறுப்பா சளி மாதிரி பாசி புடிச்சிருக்கும், ஃபில்டர் கிண்ணத்தைக் கழட்டினா அதுலயே தெரியும்.

ஸ்டார்ட் ஆகலன்னு செல்ஃபை அடிச்சுக்கிட்டே இருக்க விடாதீங்க சார், ஒவ்வொரு சுத்துக்கும் பம்ப்பு கடல் தண்ணிய இழுத்து சைலன்சர்ல நிரப்பும், அதைத் தள்ள புகை இல்லாததால தண்ணி திரும்பி சிலிண்டருக்குள்ளயே ஏறிடும். ரெண்டு தடவை அடிச்சும் எடுக்கலன்னா முதல்ல கடல் தண்ணி வால்வை மூடுங்க, ஸ்டார்ட் ஆன உடனே மறக்காம திறந்து விடுங்க.