இருட்டினால் எரியும் கேம்பாய்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: சார், என் சித்தப்பா 90களில் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த பழைய கேம்பாய் (நிண்டெண்டோவின் கையடக்க வீடியோ கேம் கருவி) ஒன்று வீட்டில் கிடக்கிறது. உள்ளே இருக்கும் போர்டெல்லாம் வெளியே தெரிகிற உறை. பட்டன்களுக்குப் பின்னால் சின்னச் சின்ன எல்இடி வைத்து, இருட்டானால் தானாக எரிகிற மாதிரி செய்ய ஆசை. சால்டரிங் ஓரளவு வரும். சர்க்யூட் என்ன, பவரை எங்கிருந்து எடுப்பது? (கல்லூரி மாணவர், கோவை)

பதில்: சர்க்யூட் சுலபம், பத்து நிமிட வேலை. ஆனால் பவரை எங்கிருந்து எடுக்கிறீர்கள், வெளிச்சத்தைப் பார்க்கும் எல்டிஆரை எங்கே வைக்கிறீர்கள், இந்த இரண்டில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் சர்க்யூட். எல்டிஆர் மேல் வெளிச்சம் பட்டால் அதன் தடை ஓரிரு கிலோஓமுக்கு இறங்கிவிடும், நல்ல இருட்டில் ஒரு மெகாஓம் வரைகூட ஏறும். 5 வோல்ட்டிலிருந்து 10 கிலோஓம் ரெசிஸ்டர், அதோடு தொடராக 100 கிலோஓம் பிரீசெட் (திருகித் தடையை மாற்றுகிற ரெசிஸ்டர்), அது பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. பேஸிலிருந்து கிரவுண்டுக்கு எல்டிஆர். எமிட்டர் கிரவுண்டில். கலெக்டருக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே எல்இடிகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 470 ஓம். டிரான்சிஸ்டரின் தட்டையான முகம் உங்களைப் பார்த்தபடி இருந்தால் இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். வெளிச்சத்தில் எல்டிஆர் பேஸைக் கிரவுண்டோடு ஏறக்குறைய ஒட்டிவைத்துவிடும், எல்இடி எரியாது. இருட்டில் எல்டிஆர் கையை விட்டுவிடும், பேஸ் 0.65 வோல்ட்டைத் தொட்டதும் எரியும். அவ்வளவுதான். அந்த 10 கிலோஓமை வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள், பிரீசெட்டைத் தெரியாமல் பூஜ்யம் வரை திருகிவிட்டால் டிரான்சிஸ்டரைக் காப்பாற்றுவது அதுதான். கடையில் வாங்கும்போது பிசி547 என்ற எண்ணுக்குப் பின்னால் பி அல்லது சி என்று இருக்கிறதா பாருங்கள், பெருக்கும் திறன் குறைவான ஏ வகை வந்துவிட்டால் நாலு எல்இடியை முழு வெளிச்சத்துக்கு இழுக்கத் திணறும். எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற சாமான்தான், கோவையிலும் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் பஞ்சமில்லை.

இப்போது பவர். நாலு ஏஏ பேட்டரி போடுகிற கருவி, நேராகப் பேட்டரி முனையிலேயே கம்பியைப் பற்றவைத்துவிடலாமே என்று கை துறுதுறுக்கும். செய்யாதீர்கள். நீங்கள் செய்வது இருட்டானால் எரிகிற விளக்கு. விளையாடி முடித்து, சுவிட்சை அணைத்து, மேசை இழுப்பறையில் வைக்கிறீர்கள். இழுப்பறைக்குள் என்ன இருக்கும்? இருட்டு! விளக்கு ஜம்மென்று உள்ளே எரிந்துகொண்டிருக்கும். நாலு எல்இடிக்கும் சேர்த்து 16 மில்லிஆம்ப் என்று வையுங்கள், 2000 மில்லிஆம்ப்-மணி பேட்டரி ஐந்து நாளில் காலி, யாரும் விளையாடாமலே. ஆகவே சுவிட்சுக்கு அப்பால்தான் பவரை எடுக்க வேண்டும். அதற்கு வசதியான இடம் கேம் கேசட் செருகும் ஸ்லாட். அதன் முதல் பின்னில் 5 வோல்ட், கடைசியான 32வது பின்னில் கிரவுண்ட். பின்பக்க போர்டில் அந்த ஸ்லாட்டின் சால்டர் புள்ளிகள் நன்றாகவே தெரியும், மல்டிமீட்டர் வைத்து உறுதி செய்துகொண்டு மெல்லிய கம்பியைப் பற்றவையுங்கள். பேட்டரி 6 வோல்ட்டிலிருந்து சரியச் சரிய எல்இடியும் மங்கும் தொல்லையும் இங்கே கிடையாது, இது கருவியே சீராக்கித் தருகிற 5 வோல்ட். சுவிட்சை அணைத்தால் எல்லாம் அணையும். வெள்ளை எல்இடிக்கு 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல் வேண்டும், மிச்சம் 470 ஓமில் விழுந்து ஒவ்வொன்றிலும் 4 மில்லிஆம்ப் ஓடும். இருட்டில் இதுவே தாராளம், 20 மில்லிஆம்ப் கொடுத்தால் கண் கூசும்.

பட்டன்கள் முன்பக்க போர்டில், பேட்டரியும் ஸ்லாட்டும் பின்பக்க போர்டில், இரண்டையும் இணைப்பது ஒரு ரிப்பன் கேபிள். திருகுகளைக் கழற்றியதும் உறையைப் புத்தகம் மாதிரி படக்கென்று விரித்தால் அது பிய்ந்துவிடும், மெதுவாகத் திறந்து முதலில் ரிப்பனை உருவுங்கள். வெளித் திருகுகளுக்கு மூன்று கால் கொண்ட, ஒய் எழுத்து மாதிரி முனையுள்ள திருப்புளி வேண்டும். சாதா நட்சத்திர முனையை வைத்து அழுத்தித் திருகினால் தலை மழுங்கிப்போகும், அப்புறம் டிரில்தான்.

இன்னொன்று. உறை ஒளி விட்டாலும், பழைய பட்டன்களும் அவற்றுக்குக் கீழே இருக்கும் ரப்பரும் ஒளி விடாது. ஒளி ஊடுருவுகிற பட்டன்களும் சிலிகான் ரப்பரும் தனியாக விற்கிறார்கள், அவற்றை மாற்றாவிட்டால் பட்டனைச் சுற்றி ஒரு வளையம் மட்டும் தெரியும். எனக்கென்னவோ அந்த வளையமே அழகு. எல்இடிகளைக் கறுப்பாக இருக்கும் கார்பன் தொடுபரப்பின் மேல் வைத்துவிடாதீர்கள், பட்டன் அமுங்காது. ஓரமாக வைத்து, அடியில் மின்சாரம் கடத்தாத மஞ்சள் காப்டன் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

எல்டிஆரைத் திரைக்கு மேல் ஓரத்தில், வானத்தைப் பார்த்தபடி வையுங்கள். கீழே வைத்தால் கட்டைவிரல் நிழல் பட்டு, பட்டப்பகலில் அழுத்துகிறபோதெல்லாம் விளக்கு எரியும். கடைசியாக, நீங்கள் வழக்கமாக விளையாடுகிற அறையில் சாயங்காலம் உட்கார்ந்து பிரீசெட்டைத் திருகி அளவு வையுங்கள், வேலை மேசையின் ட்யூப்லைட்டுக்குக் கீழே வைத்த அளவு படுக்கையறையில் உதவாது.

கேள்வி: இதே மாதிரி ஒன்று செய்தேன். இருட்டில் எல்இடி எரிகிறது, ஆனால் அரை உயிராகத்தான். எல்டிஆரை விரலால் மூடினால் பளிச்சென்று எரிகிறது. டிரான்சிஸ்டருக்குப் பதில் ஆப்-ஆம்ப் (இரண்டு வோல்ட்டேஜை ஒப்பிடும் ஐசி) வைத்துச் செய்து பார்த்தேன், படபடவென்று துடிக்கிறது. பார்ட்ஸ் போலியா? (திருச்சி)

பதில்: பார்ட்ஸ் மேல் பழி போடாதீர்கள். எல்இடியின் வெளிச்சத்தை எல்டிஆரே பார்க்கிறது. விளக்கு எரிந்ததும் 'ஓஹோ, விடிந்துவிட்டது' என்று அது அணைக்கப் பார்க்கிறது, அணைந்தால் மறுபடி இருட்டு. ஒற்றை டிரான்சிஸ்டர் சர்க்யூட்டில் இந்த இழுபறி நடுவில் ஓர் இடத்தில் சமாதானமாகி மங்கலாக நிற்கும், ஆப்-ஆம்ப் சமாதானத்துக்கு வராது, அதனால் துடிக்கிறது. ஒளி ஊடுருவும் உறையில் இந்தத் தொல்லை அதிகம், ஏனென்றால் பிளாஸ்டிக்கே வெளிச்சத்தைக் கடத்திக்கொண்டு போகும். எல்டிஆரின் பக்கவாட்டையும் முதுகையும் சூடு காட்டினால் சுருங்கி இறுகும் கறுப்பு ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடி, முகம் மட்டும் வெளியே தெரியும்படி விடுங்கள். முதுகு வழியாகவும் ஒளி நுழையும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆப்-ஆம்ப் சர்க்யூட்டில் அவுட்புட்டிலிருந்து நான்-இன்வர்ட்டிங் இன்புட்டுக்கு (+ குறி போட்ட கால்) ஒரு பெரிய ரெசிஸ்டர், 470 கிலோஓமில் தொடங்கிப் பாருங்கள். எரிகிற அளவுக்கும் அணைகிற அளவுக்கும் நடுவே இடைவெளி வந்துவிடும், துடிப்பு நிற்கும்.

கேள்வி: பட்டன் எரிவது இருக்கட்டும், கேம்பாயின் திரையே இருட்டில் தெரியாதே? நிண்டெண்டோ ஏன் அப்போதே விளக்கு வைக்கவில்லை? (நாகர்கோவில்)

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். திரை தெரியாமல் பட்டன் மட்டும் மின்னுவது வேடிக்கைதான். வைக்கத் தெரியாமல் விட்டதல்ல அது. 1989ல் கேம்பாயை உருவாக்கிய குன்பெய் யோகோயின் குழு, விலையையும் பேட்டரி ஆயுளையும் மனதில் வைத்து, வெளி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற கறுப்பு வெள்ளைத் திரையைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டில் வந்த அடாரி லிங்க்ஸ், அடுத்த ஆண்டு வந்த சேகா கேம் கியர் இரண்டிலும் வண்ணத் திரை, பின்னால் விளக்கு, ஆறு ஏஏ பேட்டரி. நாலைந்து மணி நேரம் தாங்கினாலே பெரிது. யார் ஜெயித்தார்கள் என்பது தெரிந்த கதை. விளக்குள்ள கேம்பாய் லைட் 1998ல்தான் வந்தது, அதுவும் ஜப்பானில் மட்டும். 2001ல் வந்த கேம்பாய் அட்வான்ஸிலும் திரைக்கு விளக்கில்லை, ஆட்களே உறையைத் திறந்து முன்விளக்கு கிட் பொருத்திக்கொண்டார்கள். 2003ல் மடக்குகிற கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பி விளக்கோடு வந்த பிறகுதான் அந்தப் புலம்பல் ஓய்ந்தது.

திரையின் ஓரத்தில் எல்இடி வைத்தாலே போதுமே என்று நினைக்காதீர்கள், கண்ணாடியில் ஒரு வெள்ளைப் பொட்டும் மற்ற இடத்தில் இருட்டும்தான் கிடைக்கும். பின்விளக்கு வைக்கத் திரையின் முதுகில் ஒட்டியிருக்கும் ஒளிதிருப்பும் படலத்தை உரிக்க வேண்டும், கை நழுவினால் திரை போச்சு. இப்போது முழுத் திரையையே மாற்றும் ஐபிஎஸ் (பின்விளக்குள்ள நவீன எல்சிடி) கிட்கள் கிடைக்கின்றன, காசு இருந்தால் அதுதான் வழி. ஆனால் அந்தத் திரைகளின் வெளிச்சமும் எல்டிஆரில் விழும் என்பதை மனதில் வையுங்கள்.

கேள்வி: கேம்பாய் அட்வான்ஸில் வெள்ளை எல்இடி மினுக்கென்றுகூட எரியவில்லை. பேட்டரி புதிது. (யாழ்ப்பாணம்)

பதில்: அதில் இரண்டே ஏஏ, புதிதென்றாலும் 3 வோல்ட், ரீசார்ஜ் வகை என்றால் 2.4. வெள்ளைக்கும் நீலத்துக்கும் அது போதாது. சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட்டுக்குள் போதும், அதைப் போடுங்கள். போர்டில் இருக்கும் 3.3 வோல்ட் தடத்திலிருந்து எடுத்தால் மங்காது, ரெசிஸ்டர் 330 ஓம். மேலே சொன்ன கேசட் பின் வித்தையை இதில் செய்யாதீர்கள். அட்வான்ஸ் கேசட் போட்டால் அந்தப் பின்னில் 3.3, பழைய கேம்பாய் கேசட் போட்டால் அதன் உருவம் உள்ளே ஒரு சின்ன சுவிட்சைத் தள்ளி 5 வோல்ட்டாக்கிவிடும். கேசட்டுக்கு ஏற்ப விளக்கின் வெளிச்சம் மாறும்.

கேள்வி: என் மகன் நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவிக்கும் இதைக் கேட்கிறான். செய்யலாமா? (பெங்களூரு)

பதில்: உள்ளே கைவைக்காதீர்கள். அதில் இருப்பது லித்தியம் பேட்டரி, சால்டரிங் அயர்ன் பட்டால் தீப்பிடிக்கும் வாய்ப்புண்டு. ஆசைக்கு, வெளியே மாட்டுகிற பிளாஸ்டிக் கேஸின் முதுகில் இதே சர்க்யூட்டை ஒரு தனி காயின் செல்லும் ஒரு சிவப்பு எல்இடியும் வைத்துச் செய்து கொடுங்கள், 470 ஓமுக்குப் பதில் 1 கிலோஓம், கூடவே ஒரு குட்டி ஆன்-ஆஃப் சுவிட்ச். பள்ளிப் பைக்குள்ளும் இருட்டுதான்.