அண்ணியின் முகவரி

அன்புள்ள அக்கா,
என் அண்ணி டர்பன் வெஸ்ட்வில் சிறையிலிருந்து பரோலில், அதாவது தண்டனை முடியுமுன்பே நிபந்தனையோடு, வெளியே வரப்போகிறார். கடைக் கணக்கைத் திருத்திப் பணம் எடுத்த வழக்கு. பெண்களுக்கென்று தனி உதவி வேண்டும் என்கிறார்களே, அது சலுகை ஆகாதா? எங்கள் கோயில் மகளிர் குழு தையல் வகுப்பு நடத்தலாமா? அண்ணனுக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. ஆனாலும் அண்ணியைச் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டான்.
ஃபீனிக்ஸ் வாசகி

அன்புள்ள தங்கச்சி,

சலுகையா என்பது பழைய கேள்வி. இங்கே தென்னாப்பிரிக்காவில் 1994-ல் ஜனாதிபதி மண்டேலா, 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள தாய்மார் பலரின் மீதித் தண்டனையை நீக்கினார். தகப்பனுக்கு ஏன் இல்லை என்று ஒரு கைதி வழக்குப் போட்டார். மண்டேலா செய்தது செல்லும் என்று 1997-ல் அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லிவிட்டது. தையல் வகுப்பா, நடத்துங்கள். கணக்குத் தெரிந்தவள் கையில் ஊசி எதற்கு என்றுதான் புரியவில்லை.

உன் கடைசி வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. 'சேர்த்துக்கொள்கிறான்' என்று எவ்வளவு நிம்மதியாக எழுதுகிறாய்! பரோலுக்கு முகவரி வேண்டும். அதிகாரிகள் வீட்டை விசாரிப்பார்கள். இன்ன நேரம் வீட்டுக்குள் இருக்க வேண்டும், அனுமதியில்லாமல் வீடு மாறக் கூடாது என்பார்கள். ஆணுக்கு அம்மாவோ மனைவியோ கதவைத் திறந்துவிடுவாள். பெண்ணுக்குப் புருஷன் வீடுதான் முகவரி; அவன் அடிக்கிறவனானாலும் படிவத்தில் அந்த வீடுதான் ஏறும். அடி விழுந்த ராத்திரி அவள் வாசலைத் தாண்டினால் நிபந்தனையை மீறியவள் ஆகிறாள். அடித்தவனுக்கு நிபந்தனை கிடையாது!

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் ஓர் அக்கா அப்படி வந்தார். ஆடி மாதம் மாரியம்மன் கஞ்சிக்குப் பாத்திரம் நீட்டியபோது முழங்கை வரை கன்றியிருந்தது. கஞ்சி ஊற்றினோம். ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ராத்திரி டோங்காட்டில் தங்கை வீட்டுக்கு ஓடினார். மறுபடி உள்ளே போட்டார்கள்.

மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து காய்ச்சலோடு வந்து 1914 பிப்ரவரியில் செத்துப்போன வள்ளியம்மையைக் கும்பிட நமக்குக் கூச்சமில்லை. அவள் காந்தியோடு நின்ற சத்தியாக்கிரகி என்பாய். சரி, உன் அண்ணி திருடி என்றே இருக்கட்டும். பயமில்லாமல் படுக்க அவளுக்கும் ஓர் இடம் வேண்டும். 2010-ல் ஐ.நா. ஏற்ற பாங்காக் விதிகள், வெளியே வந்த பிறகும் பெண்ணுக்கு மனநலம், மருத்துவம், சட்டம் என்று துணை தரச் சொல்கின்றன. அதைத்தானே நீ சலுகை என்கிறாய்?

உன்மேல் கோபமில்லை, அண்ணிக்காக எழுத உனக்காவது தோன்றியதே. ஆனால் முதலில் அவளைத் தனியாகப் பார்த்துக் கேள், அந்த வீட்டுக்குப் போக அவளுக்குச் சம்மதமா என்று. உங்கள் குழுவில் பின்கட்டு அறையை வாடகைக்கு விடுகிறவர்கள் எத்தனை பேர்? அதில் ஒன்று இந்த மாதம் காலியாகுமா என்று விசாரித்து எழுது. தையல் மெஷின் பிறகு பார்க்கலாம்.