வாசகர் கேள்வி – நிபுணர் பதில்: ‘அருமை’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள்

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தின் பின்னறையில் நெல் அளக்கும் மரக்கால், உழுத வயலைச் சமப்படுத்தும் பரம்புப் பலகை, தண்ணீர் இறைக்கும் இறைகூடை என்று நாற்பது சாமான் சேர்த்துச் சின்னக் காட்சிக்கூடம் வைத்திருக்கிறோம். வருகிறவர்கள் பத்தே நிமிடத்தில் சுற்றிவிட்டு, கருத்தேட்டில் ‘அருமை’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். ஊர்க்காரர்களைப் பேச வைப்பது எப்படி?
– வாசகர், பாபநாசம் (தஞ்சை மாவட்டம்)

பதில்: கருத்தேடு வாசலில் இருந்தால் ‘அருமை’தான் வரும். செருப்பு மாட்டுகிற நேரத்தில் யார் யோசிப்பார்கள்? கேள்வியைப் பொருளின் பக்கத்துக்கே கொண்டுபோங்கள். நாற்பதுக்கும் வேண்டாம், மூன்று பொருளுக்குப் போதும்.

‘பிடித்ததா?’ என்று கேட்காதீர்கள். அவர்களுக்கு மட்டுமே தெரிந்ததைக் கேளுங்கள். பரம்புப் பலகைக்கு: ‘பாரத்துக்கு இதன்மேல் யார் உட்கார்ந்தார்கள்? நீங்கள் உட்கார்ந்ததுண்டா?’ மரக்காலுக்கு: ‘எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். உங்கள் வீட்டில் கூலி நெல்லை எதில் அளந்தார்கள்?’ தெரிந்த கணக்கை முதலில் நாமே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது பரீட்சைத் தாள் போலாகிவிடும். படியின் அளவு ஊருக்கு ஊர் மாறியது. இருவர் இரண்டு விதமாக எழுதினால் திருத்தாமல் இரண்டையும் ஊர்ப் பெயரோடு மாட்டுங்கள். மூன்றாமவர் வாய் திறப்பது அந்த முரண்பாட்டைப் பார்த்துத்தான்.

ஏ4 அட்டையை நான்காக வெட்டினால் எழுத அளவாக இருக்கும். பேனா வேண்டாம், மை கசிந்து பொருளில் பட்டால் போகாது. பென்சிலை இரண்டடி நூலில் கட்டுங்கள். குண்டூசி விழுந்து குழந்தைகள் காலில் குத்தும், ஆகவே கயிறு கட்டித் துணி கிளிப்பில் மாட்டுங்கள்: பெரியவர்களுக்கு நாலடி உயரத்தில் ஒரு கயிறு, பிள்ளைகளுக்கு மூன்றடியில் இன்னொன்று. காலிக் கயிற்றில் முதல் அட்டை மாட்ட யாரும் முன்வர மாட்டார்கள். திறப்பதற்கு முன்பே ஊரில் ஐந்தாறு பேரிடம் கேட்டு எழுதி மாட்டிவிடுங்கள். பதில்களை நீங்களே இட்டுக்கட்டினால் ஊரில் ஒரே நாளில் தெரிந்துவிடும்.

எழுதத் தெரியாதவர்களுக்குக் கைபேசிப் பதிவு. அனுமதி கேட்டுவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதியுங்கள். விசிறி ஓடினால் பதிவில் பாதி இரைச்சல்தான். பொருளைக் கையில் கொடுத்தால் பேச்சு தானாக வரும். மரச்சாமானைக் கொடுக்கலாம், ஓலைச்சுவடியையும் பழைய வெண்கலத்தையும் வேண்டாம். வியர்வை உப்பு உலோகத்தை அரிக்கும்.

பலரும் கோட்டைவிடுவது ஒன்றில். கயிற்றில் யார் குரல் தொங்குகிறது என்று பாருங்கள். கூலி உயர்வுப் போராட்டத்தின் நடுவே 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட காவிரி மண் இது. கூலி நெல்லை அளந்து கொடுத்தவர்கள் மட்டும் எழுதியிருந்தால், வாங்கியவர்கள் பார்த்துவிட்டுப் பேசாமல் போவார்கள். அட்டைகளை அவர்கள் தெருவுக்கு எடுத்துப் போய், சம்மதித்தால் எழுதி வாங்குங்கள். வரும் அட்டைகளைப் பொருள் எண்ணோடு நோட்டில் ஏற்றி, ஒரு வாரத்துக்குள் விளக்கப் பலகையில் ‘இன்ன தெருவில் சொன்னது’ என்று சேர்த்துவிடுங்கள். தன் சொல் பலகையில் ஏறியதைக் கண்டவர், அடுத்த முறை உறவுக்காரர்களோடு வருவார்.

கேள்வி: வாய்க்கால் தூர்வாரும்போது கிடைத்த சிலையை ஒருவர் எங்கள் கூடத்துக்குத் தர விரும்புகிறார். வாங்கலாமா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: கூடாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தகவல் போக வேண்டும். அன்றைக்கே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். புளி போட்டுத் தேய்க்க விடாதீர்கள், பீடத்து எழுத்து மங்கிவிடும். தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கும் வெண்கலச் சிவன், ரிஷபவாகன தேவர், திருவெண்காட்டு மண்ணுக்கடியில் கிடைத்தவர்தான். எடுத்துக் கொடுத்தவரின் ஊருக்கு அதில் பெருமையும் உண்டு என்று சொல்லிப் பாருங்கள். வீட்டுச் சாமானை வாங்கலாம். இரவலா, கொடையா என்று எழுதிய ரசீது இரண்டு பிரதி, இருவர் கையெழுத்தோடு.

கேள்வி: விழா வைத்தால் கூட்டம் வரவில்லையே?
– வாசகர், மன்னார்குடி

பதில்: என்ன மாதத்தில் வைத்தீர்கள்? நடவிலும் அறுப்பிலும் யாரும் வரமாட்டார்கள். மே 18 உலக அருங்காட்சியக நாள். மேட்டூர் திறக்கும் வழக்கமான ஜூன் 12க்கு முன்னால் வருவதால், ஆற்றுப் பாசனத்தை நம்பிய ஊர்களில் கை சற்று ஓய்ந்திருக்கும். வெயில் தாழ, மாலை ஐந்துக்குத் தொடங்குங்கள்.