கடைவாய்ப் பல்லில் சொத்தை: எந்த அடைப்பைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: என் கீழ்க் கடைவாய்ப் பல்லில், பக்கத்துப் பல்லோடு ஒட்டும் இடத்தில் சொத்தை விழுந்துள்ளது. ஒரு மருத்துவர் பல் நிற காம்போசிட் போதும் என்கிறார். இன்னொருவர் பல மடங்கு செலவாகும் செராமிக் இன்லே (வெளியே வடிவமைத்துக் குழிக்குள் ஒட்டும் பீங்கான் துண்டு) வைக்கச் சொல்கிறார். வீட்டுப் பெரியவர்களோ வெள்ளி அடைப்புதான் நெடுங்காலம் நிற்கும் என்கிறார்கள். மேல் வரிசையில் எனக்குப் பழைய வெள்ளி அடைப்பு ஒன்று இருக்கிறது. பாதரசத்துக்குப் பயந்து அதை எடுத்துவிட வேண்டுமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: பொருளின் பெயரைக் காட்டிலும் குழியின் அளவும், அது அமைந்துள்ள இடமும், வேலையைச் செய்யும் கையின் பொறுமையுமே அடைப்பின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. ஆகவே, விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் எக்ஸ்ரே படத்தைப் பாருங்கள். சொத்தை எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, ஈறுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா, அதைச் சுரண்டி எடுத்த பின் பல்லின் முகடுகள் (மெல்லும் பரப்பில் உயர்ந்து நிற்கும் மேடுகள்) எவ்வளவு கனத்தில் மிஞ்சும் என்ற மூன்றையும் இரு மருத்துவர்களிடமும் கேளுங்கள். முகடுகள் உறுதியாக நிற்கும் என்றால் காம்போசிட் போதுமானது. ஒரு முகடு மெலிந்து, மெல்லும்போது பிளந்துவிடும் நிலையில் இருந்தால், அந்த முகட்டையும் மூடும் செராமிக் ஆன்லே வைப்பது நியாயமான செலவே. காரணம் எதுவும் சொல்லாமல், அழகாக இருக்கும் என்று மட்டும் சொல்லி இன்லேயைப் பரிந்துரைத்தால், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு கடைவாய்ப் பல்லுக்காக அந்தத் தொகையைக் கொடுக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

காம்போசிட் என்பது நுண்ணிய கண்ணாடித் துகள்கள் கலந்த பிசின். அமிலக் களிம்பால் பல்லின் பரப்பைச் சொரசொரப்பாக்கி, ஒட்டுப்பொருள் தடவி, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனமுள்ள அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நீல ஒளி காட்டி இறுகச் செய்ய வேண்டும். இறுகும்போது அது சற்றுச் சுருங்கும். இடையில் எச்சிலோ ரத்தமோ பட்டுவிட்டால் ஒட்டுதல் பலவீனமாகி, விளிம்பில் இடைவெளி விழுந்து, அதன் வழியே மீண்டும் சொத்தை தொடங்கும். பல்லைத் தனிமைப்படுத்தும் ரப்பர் டேம் என்னும் மெல்லிய விரிப்பைப் பயன்படுத்துவீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். விரிப்பு இல்லாமலும் ஈரத்தைக் கட்டுப்படுத்தித் திறமையாக வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள் என்றாலும், உங்களுடையதைப் போல இரு பற்களுக்கு இடையே உள்ள குழியில் அதன் பயன் பெரிது. பக்கத்துப் பல்லோடு புதிய அடைப்பு இறுக்கமாகத் தொட வேண்டும் என்பதும் அதே அளவு முக்கியம். அந்தத் தொடுகை தளர்ந்திருந்தால் ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பின்னும் அங்கே கீரை நாரும் இறைச்சியும் சிக்கி, ஈறு புண்ணாகும். பல் இடுக்கு நூலை விட்டுப் பார்த்தால் அது சற்றுத் தடைபட்டு, பின் இறங்க வேண்டும். தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கினால், உடனே மருத்துவரிடம் சொல்லிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

பெரியவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அமால்கம் எனப்படும் வெள்ளி அடைப்பு ஈரத்தை ஓரளவு தாங்கும். கடைவாயில் நெடுநாள் உழைக்கும். ஆனால் சாதாரணமாக அது பல்லோடு ஒட்டுவதில்லை என்பதால், அது பிடித்து நிற்பதற்காக நல்ல பகுதியையும் சிறிது செதுக்க வேண்டியிருக்கும். எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். 2013-இல் ஏற்கப்பட்டு 2017-இல் நடைமுறைக்கு வந்த, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு மினமாட்டா உடன்படிக்கை இதன் பயன்பாட்டைக் குறைக்கச் சொல்கிறது. இந்தியா 2018-இல் அதை உறுதிசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல், தவிர்க்க முடியாத மருத்துவத் தேவை இருந்தாலொழிய இதைத் தடைசெய்துவிட்டது. பாதரசம் மண்ணிலும் நீரிலும் கலப்பதைத் தடுப்பது இந்த நடவடிக்கைகளின் முக்கிய நோக்கம். இதை வைத்து உங்கள் வாயில் இருப்பது ஆபத்து என்று முடிவுகட்ட வேண்டாம். விரிசலோ கசிவோ புதிய சொத்தையோ இல்லாத பழைய அடைப்பை விட்டுவிடுவதே நல்லது, ஏனெனில் அதைத் துளைத்து எடுக்கும்போதுதான் பாதரச ஆவி கூடுதலாக வெளிப்படுகிறது, நல்ல பல்லும் கொஞ்சம் தேய்ந்துபோகிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் 2020-இல் இதே அறிவுரையைத்தான் கூறியது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்குப் புதிதாக அமால்கம் வைப்பதைத் தவிர்க்கலாம் என்றும் அது கூறியது.

செலவு சுமையாக இருந்தால், அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை அணுகலாம். நேரம் கூடுதலாகும், ஆனால் மாணவர்கள் செய்யும் வேலையை ஆசிரியர்கள் மேற்பார்வையிடுவார்கள். எங்கு செய்தாலும் எந்தப் பல்லில் என்ன பொருள் வைக்கப்பட்டது என்று குறிப்பிட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். கட்டணம் பெற்றுச் செய்யப்படும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தீர்ப்பளித்துள்ளது. ரசீது இல்லாமல் அந்த உரிமையைப் பயன்படுத்துவது கடினம்.

கேள்வி: ஆறு வயது மகளின் பால் பல்லுக்கு கிளாஸ் அயனோமர் என்னும் அடைப்பு வைப்பதாகச் சொல்கிறார்கள். அது மலிவான பொருளா? (வாசகி, காரைக்குடி)

பதில்: விலை குறைவு என்பதால் தரக்குறைவு என்று எண்ண வேண்டாம். அது பல்லோடு வேதிமுறையில் பிணைந்து ஃபுளூரைடை மெல்ல வெளியிடும். வாயை நெடுநேரம் திறந்து வைத்திருக்க முடியாத குழந்தைக்கு, விரைவில் முடியும் வேலை என்பதும் ஒரு வசதி. காம்போசிட் அளவுக்கு உறுதி இல்லை என்பது உண்மையே. ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயதுக்குள் விழுந்துவிடும் என்பதால், சிறிய குழிக்கு அது பொருத்தமானது. சொத்தை பல பக்கங்களில் பரவியிருந்தால் மட்டும், எஃகு கேப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.